ஃபேன்டஸி கால்பந்தில் முதல் பருவம்: அனுபவப் பகிர்வு

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தை வைத்து இணையத்தில் நடக்கும் எஃப்.பி.எல். (ஃபேன்டஸி பிரீமியர் லீக்) ஆட்டத்தில், நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு நாம் ஒரு கற்பனை அணி அமைப்போம்; அவர்கள் களத்தில் ஆடுவதைப் பொறுத்து நமக்குப் புள்ளி கிடைக்கும். இதில் புதிதாகச் சேரும் நண்பர்களில் பெரும்பாலோர் ஐ.பி.எல். காலத்தில் கிரிக்கெட்டுக்கு அணி அமைத்துப் பழகியவர்கள். நானும் அந்த வழியாக வந்தவன் என்பதால், அந்தப் பழக்கம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதை எழுதுகிறேன்.

கிரிக்கெட்டில் ஒரு போட்டிக்கு ஓர் அணி. டாஸ் போட்டுப் பதினொருவர் பட்டியல் வந்த பிறகும் மாற்றலாம். போட்டி முடிந்தால் அணியும் முடிந்தது. எஃப்.பி.எல்.லில் ஆகஸ்டில் அமைக்கும் அணியை மே மாதம் வரை, 38 கேம்வீக்குகளுக்கு (லீக்கின் ஒவ்வொரு சுற்றும் ஒரு கேம்வீக்), நாமே கட்டிக் காக்க வேண்டும். 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணத்தில் 2 கோல்கீப்பர்கள், 5 டிஃபெண்டர்கள், 5 மிட்ஃபீல்டர்கள், 3 ஃபார்வர்டுகள் என 15 பேரை எடுக்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் எடுக்க முடியாது. சேர்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. வாரத்துக்கு ஒருவரை இலவசமாக மாற்றலாம். மாற்றாமல் விட்டால் அந்த வாய்ப்பு ஐந்து வரை சேர்ந்துகொண்டே போகும். கையிருப்பைத் தாண்டி மாற்றும் ஒவ்வொருவருக்கும் 4 புள்ளிகள் கழியும். கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்களின் கை சும்மா இருப்பதில்லை என்பதால், அவர்களின் புள்ளிகள் முதலில் கரைவது இந்த இடத்தில்தான். எங்கள் அலுவலகக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், முந்தைய வாரம் கோல் அடித்தவரையெல்லாம் மறுவாரம் துரத்திப் பிடித்தார். வாரத்துக்கு இருவரைக் கூடுதலாக மாற்றினால் 8 புள்ளிகள் போகும். ஐந்து வாரத்தில் 40 புள்ளிகள். அந்த இடைவெளியை அவரால் பருவம் முடியும் வரை அடைக்க முடியவில்லை.

துணை கேப்டன் விஷயத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் பழகிய கிரிக்கெட் ஆட்டங்களில் துணை கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு புள்ளி கிடைக்கும். இங்கே கேப்டனுக்கு மட்டுமே இரண்டு மடங்கு. கேப்டன் அந்த வாரம் ஒரு நிமிடம்கூட ஆடாவிட்டால் மட்டுமே அந்த மடங்கு துணை கேப்டனுக்குப் போகும். கேப்டன் 89ஆம் நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினால், அவர் பெறும் ஒரு புள்ளி இரண்டாகும், கதை அவ்வளவுதான். 15 பேரில் அந்த வாரம் ஆட நாம் தேர்ந்தெடுக்கும் பதினொருவர் போக, பெஞ்சில் உட்காரவைத்த நால்வருக்கும் இதே விதிதான். நம் பதினொருவரில் ஒருவர் சற்றும் ஆடாதபோது மட்டுமே பெஞ்சிலிருப்பவர் உள்ளே வருவார். ஆகவே, கடைசி ஐந்து நிமிடம் தலைகாட்டுபவரைவிட முழுமையாக ஓய்வெடுப்பவரே நமக்கு நல்லவர் என்ற விசித்திரமான நிலை இங்கே உண்டு. மான்செஸ்டர் சிட்டியின் பயிற்சியாளராக பெப் கார்டியோலா யாரை எப்போது உட்காரவைப்பார் என்பதை ஊகிக்க முடியாத வேதனைக்கு, சூதாட்டச் சுழல்சக்கரத்தின் பெயரால் ‘பெப் ரூலெட்’ என்றே ரசிகர்கள் பெயர் வைத்தார்கள்.

* * *

மேலே எழுதிய நண்பர் அணியை மாற்றுவதற்கான கெடு நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார்; இந்தியாவில் இருந்து ஆடுபவர்களுக்கு அது முக்கியம். அந்த வாரத்தின் முதல் போட்டி தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பே கதவு அடைபடும். ஆடும் பதினொருவர் யார் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகே வரும். சனிக்கிழமை அங்கே பகல் 12:30 போட்டிதான் முதல் போட்டி என்றால், கெடு நம் நேரப்படி மாலை 3:30. வெள்ளி இரவு 8 மணிப் போட்டி என்றால் நமக்கு இரவு 11 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கிலாந்தில் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்புகிறார்கள் என்பதால், அதன் பின் மார்ச் இறுதி வரை எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். வெள்ளிக்கிழமைக் கெடு நள்ளிரவாகிவிடும். வியாழன் இரவே அணியை முடிவுசெய்து வைப்பதும், கடைசி நாளில் காயச் செய்தியை மட்டும் பார்ப்பதும் என் வழக்கம்.

* * *

நான் கால்பந்து பார்த்து வளர்ந்தவள் அல்ல. கல்லூரியில் படிக்கும் மகன் வற்புறுத்தியதால் சேர்ந்தேன். ஆட்டக்காரர்களின் பெயர் தெரியாததால், முதலில் விதிப் பக்கத்தை முழுவதும் படித்தேன். பெயர் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை என்பது பிறகு புரிந்தது.

ஒருவர் 60 நிமிடம் ஆடினால் 2 புள்ளிகள். அதற்குக் குறைந்தால் ஒன்று. கோல் அடித்தால் ஃபார்வர்டுக்கு 4, மிட்ஃபீல்டருக்கு 5, டிஃபெண்டருக்கு 6. எதிரணியைக் கோல் அடிக்கவிடாமல் முடித்தால், அதாவது கிளீன் ஷீட் கிடைத்தால், டிஃபெண்டருக்கும் கோல்கீப்பருக்கும் 4. 2025–26 பருவத்தில் இன்னொன்றும் சேர்ந்தது: ஒரு டிஃபெண்டர் பந்தை அகற்றுதல், மறித்தல், இடைமறித்தல், டேக்கிள் செய்தல் எல்லாம் சேர்த்து ஒரே போட்டியில் பத்தைத் தொட்டால் மேலும் 2. அப்படியானால் எதிரணியின் கோல் பக்கமே போகாத ஒரு சென்டர்பேக் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்), நல்ல நாளில் 8 புள்ளிகள் பெறுகிறார். ஒரு கோல் அடித்த ஃபார்வர்டு, போட்டியில் சிறந்து ஆடியவர்களுக்குத் தரும் போனஸ் புள்ளியைக் கணக்கில் எடுக்காவிட்டால், 6 புள்ளிகளோடு நிற்கிறார். விலையிலோ சென்டர்பேக் பெரும்பாலும் கீழே.

என் மகன் அந்தப் பருவத்தை லிவர்பூலின் முகமது சலா, மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் இருவரோடும் தொடங்கினான். சலாவின் தொடக்க விலை 14.5 மில்லியன், ஹாலண்டின் விலை 14 மில்லியன். மீதியுள்ள 71.5 மில்லியனை 13 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 5.5தான் வரும். முந்தைய பருவத்தில் 344 புள்ளிகள் எடுத்து எஃப்.பி.எல். சாதனை படைத்த சலாவை எப்படி விடுவது என்பது அவன் வாதம். நியாயமான வாதம்தான்; ஆனால் சென்ற ஆண்டின் புள்ளிக்கு இந்த ஆண்டு விலை கொடுக்கிறோம் என்பது என் பார்வை. 2023–24இல் அதிகப் புள்ளி எடுத்த கோல் பால்மர் (Cole Palmer), பருவம் தொடங்கிய பிறகு செப்டம்பர் முதல் நாளன்று மான்செஸ்டர் சிட்டியிலிருந்து செல்சிக்கு மாறியவர். ஆகஸ்டில் அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆகவே நான் முதலில் பார்ப்பது ஒருவர் அண்மையில் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதை. பிறகு பெனால்ட்டி உதைப்பவர் யார் என்பதை. அடுத்த நாலைந்து எதிரணிகளை அதன் பிறகுதான் பார்க்கிறேன்.

சதுரங்க வீரர் மேக்னஸ் கார்ல்சன், 2013இல் சென்னையிலேயே ஆனந்தை வென்று உலகப் பட்டம் பெற்றவர், 2019 டிசம்பரில் எழுபது லட்சம் பேருக்கும் மேல் ஆடிய இந்த ஆட்டத்தில் சிறிது காலம் முதலிடத்தில் இருந்தார் என்று மகன்தான் சொன்னான். ஆனந்துக்காக எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு. இருந்தாலும், இது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லும் என் கணவருக்கு அதை எடுத்துக்காட்டப் பயன்பட்டது.

* * *

அம்மா எழுதியதோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆட்டக்காரர்களின் விலை பருவத்தின் நடுவே ஏறி இறங்கும். நாம் வாங்கிய ஆட்டக்காரரின் விலை 0.2 மில்லியன் ஏறினால், விற்கும்போது நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது 0.1 மில்லியன்தான். இதை அறியாமல் விலையேற்றத்தின் பின்னால் ஓடிப் புதியவர்கள் மாற்றங்களை வீணாக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வைல்ட்கார்டு பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அதைப் பயன்படுத்தும் வாரத்தில் புள்ளி கழியாமல் 15 பேரையும் மாற்றலாம். 2025–26 விதிப்படி பருவத்தின் முதல் பாதிக்கு ஒன்று, இரண்டாம் பாதிக்கு ஒன்று. முதலாவதை 19ஆம் கேம்வீக்கின் கெடுவுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். இரண்டு வாரத் தோல்வியில் பதறி அதை எடுத்துவிடாமல், செப்டம்பரிலோ அக்டோபரிலோ நாட்டு அணிகளின் போட்டிக்காக லீக் நிற்கும் இடைவெளி வரை பொறுத்திருங்கள். எந்தக் கிளப்பில் யார் நிலையாக ஆடுகிறார் என்பது அதற்குள் ஓரளவு தெரிந்துவிடும். யோசிக்கவும் இரண்டு வாரம் கிடைக்கும்.