பழைய கேசட்டில் இருக்கும் குரல்களைக் கணினிக்கு மாற்ற உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். செல்போன் இல்லாத காலத்தில் டேப் ரெக்கார்டரில் நாங்களே பதிவு செய்த கேசட்டுகள் கிடைத்திருக்கின்றன. தாத்தா கதை சொல்வது, நடுவில் நாங்கள் சண்டை போடுவது, பாட்டி அதட்டுவது எல்லாம் அதில் இருக்கிறது. ரெக்கார்ட், ப்ளே இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என்னைக் கேட்டால், இன்றைய ஆயிரம் வீடியோ அதற்கு ஈடாகாது.

பெரும்பாலானவை சி-60, அதாவது இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஓடுபவை, பிரச்சினை இல்லை. 90 நிமிடம் ஓடும் ஒரு சி-90 தான் படுத்துகிறது. நாடா மெல்லியது, சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்துவிட்டேன். ஆனால் நாடாவை டேப் ரெக்கார்டரின் ஹெட்டோடு (ஒலியைப் படிக்கும் பகுதி) அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பெயர்ந்துவிட்டது. கூடு வேறு திருகாணி இல்லாமல் ஒட்டிய வகை.

கூட்டைப் பிளந்து நாடாவை வேறு கேசட்டுக்கு மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நாடா கசங்காமல் எப்படிப் பிளப்பது? அப்புறம், கேசட் டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து (ஒலி வெளியே வரும் துளை) கணினிக்கு வயர் போட்டு ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியலாம் என்றிருக்கிறேன். இரைச்சலைப் பதியும்போதே குறைப்பதா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.