கொலாகிராஃப் பட்டறை, மண்டபம்: அரக்கு வெளுக்கிறது, பாசி காய மாட்டேன் என்கிறது, வலை காகிதத்தைக் கிழிக்கிறது

மண்டபம்_வரைகலை

வணக்கம். ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் 2 நாள் கொலாகிராஃப் பட்டறை ஏற்பாடு செய்கிறோம் (அட்டையில் பொருள்களை ஒட்டி, அரக்கு பூசி 'பிளேட்' ஆக்கி, மை ஏற்றி, ஈரக் காகிதத்தில் அழுத்தி அச்செடுக்கும் முறை). 10 பேர். பாதிப் பேர் பள்ளி ஓவிய ஆசிரியர்கள், மீதிப் பேர் பனை ஓலைப் பின்னலும் சங்கு வேலையும் செய்பவர்கள். அச்சு வேலை யாருக்கும் பழக்கமில்லை. 18க்கு 24 அங்குலப் படுகை (பிளேட் வைக்கும் தட்டு) உள்ள எட்சிங் பிரஸ், அதாவது உருளையால் அழுத்தி அச்சிடும் பிரஸ் ஒன்று கையில் இருக்கிறது. இந்தக் கரையில் கிடைக்கும் பொருள்களை வைத்தே பிளேட் செய்ய வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

முன்னோட்டமாக 4 பிளேட் செய்து பார்த்ததில் நான்கும் நான்கு விதக் கோளாறு. ஒன்றில் அரக்கு பூசிய அரை மணி நேரத்தில் பால் தெளித்த மாதிரி வெளுத்துவிட்டது. கடற்பாசி ஒட்டியது 3 நாளாகியும் பிசுபிசுவென்றே இருக்கிறது. வலைத்துண்டு ஒட்டியதில் முடிச்சு வந்த இடமெல்லாம் காகிதம் ஓட்டை. கார்பரண்டம் என்ற தேய்ப்புத் தூளுக்குப் பதிலாகக் கடற்கரை மணல் தூவியது கருப்பாக வராமல் வெறும் சாம்பலாக நிற்கிறது.

இவற்றுக்கு வழி சொல்லுங்கள். 2 நாளை எப்படிப் பிரிப்பது, மை, காகிதம் எவ்வளவு வாங்குவது என்றும் சொன்னால் உதவி. பேனரில் போட இதற்குத் தமிழில் நல்ல பெயர் இருந்தால் அதுவும்.

---

அச்சுமை

முதல் இரண்டு கோளாறுக்கும் காரணம் ஈரம். பாசியில் அந்த ஈரத்தை இழுத்து வருவது உப்பு.

அரக்கு வெளுப்பதை முதலில் பார்ப்போம். அரக்கைக் கரைத்த ஸ்பிரிட் (எரிசாராயம்) ஆவியாகும்போது பிளேட்டின் மேல்பரப்பைக் குளிர வைக்கிறது. கடற்காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து அரக்குக்குள் சிக்கிக்கொள்வதுதான் வெள்ளை. காலை 8 மணிக்கோ மாலை விளக்கு வைத்த பிறகோ பூசினால் உங்கள் ஊரில் இது வராமல் இருக்காது. 11 மணியிலிருந்து 3 மணிக்குள் பூசுங்கள். வாடைக்காற்று மழை நாட்களில் அந்த நேரமும் போதாது, ஒரு அறையைச் சாத்தி ஏசி போட்டு அதற்குள் பூச வேண்டும். கச்சான் (மேல்காற்று) வீசும் மாதங்களில் வேறு தொல்லை: வெட்டவெளியில் வைத்தால் ஈர அரக்கில் மணல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பிரிட்டும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். பாதி தீர்ந்து பல மாதம் மூடி கிடந்த பாட்டிலைத் தொடாதீர்கள். கரைத்து வைத்த அரக்கும் ஓர் ஆண்டு தாண்டினால் இறுகாது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் கழித்து நகத்தால் அழுத்துங்கள். தடம் விழுந்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்கவும். முதல் பூச்சுக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் செதில், இரண்டாவதுக்கு 250 கிராம். முந்தின இரவே ஊறப்போட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். 10 பேருக்கு அரை லிட்டர் தாராளம். முன்பக்கம் இரண்டு பூச்சு, பின்பக்கமும் ஓரங்களும் ஒன்று. பின்பக்கத்தை விட்டுவிட்டால் அட்டை ஒரு பக்கமாக வளைந்துகொள்ளும், மை துடைக்கும்போது ஈரமும் குடிக்கும்.

வெளுத்த பிளேட்டைத் தூக்கிப் போட வேண்டாம். நல்ல வெயில் நேரத்தில் வெறும் ஸ்பிரிட்டில் தூரிகையைத் தொட்டு, வழித்துவிட்டு, மேலாக ஒரே இழுப்பு இழுங்கள். அரக்கு கொஞ்சம் இளகித் தெளியும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் கீழே உள்ள நுண்ணிய அமைப்பு மூடிப்போகும்.

பாசி விஷயம் முற்றிலும் உப்புதான். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் பசை உள்ளே காயவே காயாது. அதன்மேல் அரக்குப் பூசினால் உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிறது. பிரஸ் அழுத்தத்தில் அந்த இடம் நசுங்கி, பசை வெளியே பிதுங்கி, காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரஸ் படுகையும் துருப்பிடிக்கும். அந்தப் பிளேட்டைக் காப்பாற்ற முடியாது. புதிதாகச் செய்யுங்கள்.

பெயர் பற்றி: கிரேக்கத்தில் 'கொல்லா' என்றால் பசை. அமெரிக்காவில் சியாட்டிலில் பாடம் எடுத்த கிளென் ஆல்ப்ஸ் 1950களில் வைத்த பெயர் இது. அப்படிப் பார்த்தால் 'ஒட்டச்சு' என்பது நேராகவே பொருந்துகிறது. பேனரில் 'ஒட்டச்சு' என்று பெரிதாகவும் கொலாகிராஃப் என்று கீழே சிறிதாகவும் போடலாம்.

---

கரைவலை

பொருள்களைப் பற்றி நான் சொல்கிறேன். எதை ஒட்டினாலும் அட்டைக்கு மேல் 2 மில்லிமீட்டருக்கு மிஞ்சக் கூடாது. அதுவும் செங்குத்தாக எழும்பினால் ஒன்றரை மில்லிமீட்டரிலேயே காகிதம் கிழியும், சரிவாக ஏறினால் 2 வரை தாங்கும்.

பாசி: கரையில் ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிப்பு இருக்கக் கூடாது. செய்தித்தாளுக்கு இடையில் பரப்பி, மேலே பலகையும் செங்கலும் வைத்து, தினமும் தாளை மாற்றினால் 4 நாளில் காகிதம் மாதிரி ஆகிவிடும். கஞ்சிப்பாசியின் கிளைகள் அச்சில் மிக நேர்த்தியாக விழும்.

வலை: ஒற்றை இழை நைலான் வழுவழுப்பானது, வெள்ளைப் பசை அதைப் பிடிக்காது. முறுக்கு நூல் வலை எடுங்கள், சிறு கண்ணாக இருக்கட்டும். முடிச்சுகளைக் கல் மேல் வைத்துச் சுத்தியால் தட்டிச் சப்பையாக்குங்கள். தடிமனாகப் பூசிய பசையில் வலையைப் பதித்து, மேலே மெல்லிய டிஷ்யூ தாளைப் போட்டு, தண்ணீர் கலந்த பசையைத் தூரிகையால் ஒற்றி எடுங்கள். முடிச்சின் பக்கவாட்டில் தாள் சரிந்து இறங்குவதால் கூர்மை போய்விடும், வலைக்கண் மட்டும் தெளிவாக நிற்கும்.

பனை ஓலை: பச்சை ஓலை வேண்டவே வேண்டாம், காயும்போது சுருங்கி எழும்பிவிடும். காய்ந்த ஓலையிலும் மெழுகுப் பூச்சு உண்டு, 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்த பிறகு ஒட்டுங்கள். ஈர்க்கைச் சீவி எடுத்துவிட வேண்டும். பின்னல் வேலை செய்பவர்கள் வருகிறார்கள் என்றால் 5 மில்லிமீட்டர் கீற்றில் ஒற்றைப் பின்னல் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேலும் கீழுமாகப் போகும் இடங்களில் மை தானாகவே கருப்பும் வெளுப்புமாகப் பிரியும். பன்னாடையும் நல்ல பொருள்தான், ஆனால் நார் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஒரு முறை பிரஸ்ஸில் ஓட்டிவிட்டு ஒட்டுங்கள். சவுக்கு ஊசி இலை எந்த வேலையும் வைக்காது, அப்படியே ஒட்டலாம்.

மணல்: கடல் மணல் அலையில் உருண்டு மழுங்கியது. கார்பரண்டத் துகள் உடைந்த கண்ணாடி போலக் கூர்முனை கொண்டது. அந்த முனைகளுக்கு நடுவில் மை தங்குவதால்தான் வெல்வெட் மாதிரிக் கருப்பு வருகிறது. மழுங்கிய மணலில் துணி எளிதாக நுழைந்து மையை வழித்துவிடும். ஆகவே மணலைச் சாம்பல் நிறத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள் (அலசி, காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து). கருப்புக்கு கிரானைட் பாலிஷ் பட்டறையில் 120 அல்லது 220 எண் கார்பரண்டம் தூள் கேளுங்கள், கால் கிலோ போதும். தூவும்போது முகக்கவசம் கட்டாயம். அதன்மேல் அரக்கு ஒரே ஒரு மெல்லிய பூச்சு. இரண்டு பூசினால் கூர்முனை மூடி, அதுவும் மணலாகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பவளம், கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எதுவும் மேசைக்கு வரக் கூடாது. செத்துக் கரையில் கிடந்தாலும் சரி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியவை இவை. மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து எதையும் எடுத்து வரவும் கூடாது. பங்கேற்பாளர்களுக்கு அனுப்பும் முதல் தகவலிலேயே இதை எழுதிவிடுங்கள்.

---

நீவுதுணி

2 நாள் பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் தவறு, முதல் நாள் முழுக்கப் பிளேட், இரண்டாம் நாள் முழுக்க அச்சு என்று பிரிப்பது. எந்த அமைப்பு கருப்பாக விழும், எது வெள்ளையாக நிற்கும் என்று தெரியாமலே பெரிய பிளேட்டை முடித்துவிடுவார்கள். இப்படி மாற்றிப் பாருங்கள்:

முதல் நாள் காலை, பசையே இல்லாத சோதனைப் பிளேட். 10க்கு 10 செ.மீ. மவுண்ட் போர்டு (ஃபிரேம் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டு போதும்). பிளேடால் மேல் அடுக்கை மட்டும் கீறி உரித்தால் உள்ளே பஞ்சு மாதிரி அட்டை தெரியும், அது மையைப் பிடித்துக் கருக்கும். ஓர் ஓரத்தில் அலுமினிய டேப் ஒட்டுங்கள், அது வெள்ளையாக நிற்கும். ஊசியால் அதன்மேல் கீறினால் கோடு. ஓரங்களை உப்புத்தாளால் 45 பாகைக்குச் சாய்த்துத் தேய்த்து, 11 மணிக்கு அரக்கு இரண்டு பூச்சு. சாப்பாட்டுக்குப் பிறகு அச்சு. 2 மணி நேரத்தில் கருப்பு எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் கண்ணால் புரிந்துவிடும். அதன் பிறகு 15க்கு 20 செ.மீ. பெரிய பிளேட்டைத் தொடங்கி மாலை 6க்குள் ஒட்டி முடிக்கலாம். மறுநாள் 11 மணிக்கு அரக்கு, 1 மணியிலிருந்து அச்சு.

ஒரே ஒரு பிரஸ் என்று கவலைப்படாதீர்கள். ஒரு பிளேட்டுக்கு மை ஏற்றித் துடைக்க 25 நிமிடம் ஆகும், பிரஸ்ஸில் ஓட்ட 3 நிமிடம்தான். நெரிசல் மை மேசையில்தான் வரும். 5 கண்ணாடிப் பலகையாவது வையுங்கள்.

மை ஏற்றும் முறை: அட்டைத் துண்டால் பரப்பி, பழைய பல் துலக்கியால் பள்ளத்துக்குள் சுழற்றித் தள்ளவும். துடைக்க மருந்துக்கடைக் காஸ் துணியை அரிசிக் கஞ்சியில் நனைத்துக் காயவைத்தால் போதும், மொடமொடப்பு பள்ளத்து மையைத் தோண்டாது. தளர்ந்த துணி தோண்டிவிடும். வட்டமாக, முதலில் அழுத்தி, போகப்போக இலேசாக. கடைசியில் செய்தித்தாள் துண்டை உள்ளங்கையில் தட்டையாக வைத்து, மேடான இடங்களை மட்டும் நீவவும். அகலமான பள்ளத்தின் நடுவில் மை தங்காமல் ஓரம் மட்டும் கருத்தால் துடைப்பைக் குறை சொல்ல வேண்டாம். அந்தப் பள்ளத்தின் தரை வழுவழுப்பாக இருக்கிறது, கார்பரண்டம் தூவ வேண்டும்.

எட்சிங் மை கருப்பு அரைக் கிலோ. ஆஃப்செட் மை மலிவு, ஆனால் இழுவிசை அதிகம், உரித்த அட்டையின் நாரைப் பிய்த்துக்கொண்டு வரும். அதுதான் கிடைத்தால் கொஞ்சம் வாசலின் கலந்து இழுவையைக் குறைக்கவும். உச்சி வெயிலில் மை தளர்ந்து ஓடினால் மெக்னீசியம் கார்பனேட் தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசையுங்கள்.

காகிதம்: பருத்தித் தாள், 250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை). 56க்கு 76 செ.மீ. தாளை நான்காக வெட்டினால் ஒருவருக்கு 4 துண்டு, ஆக 10 முழுத் தாள். சோதனை அச்சுக்கு எட்டாக வெட்டியது இன்னும் 3 தாள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதத்திலும் கனமான வகை கேட்டு வாங்கிப் பார்க்கலாம். நனைக்கக் கேன் தண்ணீர் மட்டுமே. கரிக்கும் போர்த் தண்ணீரில் நனைத்தால் உப்பு தாளிலேயே தங்கி, பிறகு ஈரம் இழுத்துப் பழுப்புப் புள்ளி விழும். 20 நிமிடம் ஊறவைத்து, துண்டில் ஒற்றி, பளபளப்பு போன பிறகு வையுங்கள். பளபளக்கும் தாளில் மை ஏறாது, பிளேட்டிலும் ஒட்டும்.

பிரஸ்ஸில் கம்பளிக்குக் கீழே 3 மி.மீ. ஃபோம் தாள் ஒன்று போடுங்கள், மேடு பள்ளத்துக்குள் தாளை அதுதான் அழுத்திவிடும். மை இல்லாமல் ஈரத்தாளை வைத்து ஒரு முறை ஓட்டி, பின்புறம் விரலால் தடவி அழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். முதல் மை அச்சு வெளிறித்தான் வரும், அட்டை மையைக் குடிக்கிறது. மூன்றாவது அச்சைப் பார்த்த பிறகுதான் பிளேட்டைத் திருத்தலாமா என்று யோசிக்க வேண்டும்.

---

அச்சுமை

நீவுதுணி சொன்ன அட்டவணை நல்லது. ஆனால் மாலை 6க்கு ஒட்டியது மண்டபத்து இரவுக் காற்றில் மறுநாள் 11க்குள் காயும் என்று நம்ப முடியாது. வலையும் கார்பரண்டமும் பசை அதிகம் குடிப்பவை. அந்த இரண்டையும் சிறு அட்டைத் துண்டுகளில் 3 நாள் முன்பே நீங்கள் ஒட்டி வைத்துவிடுங்கள். பங்கேற்பாளர்கள் வேண்டிய வடிவில் வெட்டிப் பிளேட்டில் சேர்க்கட்டும். துண்டு அட்டை மெல்லியதாக, அரை மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் 2 மி.மீ. கணக்கு தப்பும்.

பாரம் வைத்தே இரவு முழுக்க விடுவதும் தவறு, காற்றுப் படாது. பிளாஸ்டிக் தாள் போட்டு ஒரு மணி நேரம் பாரம், பிறகு பாரத்தை எடுத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே.

---

மண்டபம்_வரைகலை

எல்லோருக்கும் மிக்க நன்றி. மணலைச் சாம்பலுக்கு ஒதுக்குவது என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கடைசியாக ஒன்று: அச்சு முடிந்ததும் பிளேட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? நிறைய மீதம் இருக்கும்.

---

அச்சுமை

கூடவே கூடாது. ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும், ஒரே துடைப்பில் பிளேட் போய்விடும். சோடா உப்பு, அம்மோனியா கலந்த துப்புரவு நீரும் அப்படித்தான். மலிவான சமையல் எண்ணெயில் துணியை நனைத்து மையை இளக்கி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே நிறத்தில் அடுத்த அச்சு எடுப்பதாக இருந்தால் துடைக்கவே தேவையில்லை.

ஸ்பிரிட் இருக்கும் அறையில் அடுப்போ பீடியோ வேண்டாம். மை துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் குவிக்காதீர்கள். மையில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கக் கூடும். தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டின்னில் போட்டு வையுங்கள். பிரஸ்ஸின் உருளையையும் திருகுகளையும் அன்றே துடைத்து மெஷின் ஆயில் தடவிவிடுங்கள், ஈரத்தாள் வேலை முடிந்த இரவில்தான் உங்கள் கடற்காற்றுக்குத் துரு பிடிக்க நேரம் கிடைக்கும்.