மிரோவோட கறுப்பு லித்தோகிராஃப் முன்னாடி நின்னப்ப

போன நவம்பர்ல ஆபீஸ் வேலையா பார்சிலோனா போயிருந்தேன், ஒருநாள் ஃப்ரீயா கிடைச்சதும் மான்ட்ஜூயிக் மலைல இருக்கற, ஸ்பெயின் ஓவியர் ஜுவான் மிரோவோட படங்கள் வச்சிருக்கற மிரோ ஃபவுண்டேஷனுக்குப் போய்ட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஜுவான் மிரோ நீலம் சிவப்பு மஞ்சள்னு பளிச்னு இருப்பார், அதைப் பார்க்கத்தான் போனதே, ஆனா அன்னிக்கு ஒரு சுவர்ல வெறும் கறுப்புல லித்தோகிராஃப், அதாவது கல்லுல இருந்து அச்செடுக்கற படம், மாட்டியிருந்தாங்க, கால் அங்கயே நின்னுடுச்சு.

'பார்சிலோனா சீரிஸ்'னு பேரு. மொத்தம் 50 படம், 1944ல அஞ்சே அஞ்சு செட்டுதான் அச்சடிச்சாங்களாம். ஸ்பெயின்ல உள்நாட்டுப் போர் முடிஞ்சு சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சி, பிரான்ஸ்ல இருந்த மிரோ ஜெர்மன் படை உள்ள வந்ததும் 1940ல ஸ்பெயினுக்கே திரும்பிட்டார், அந்த வருஷங்களோட பயம் மொத்தமும் இதுல இருக்கு. நீள மூக்கு, பல்லு, தூக்கின கை, பக்கத்துலயே ஒரு நட்சத்திரம். மனுஷனா பறவையான்னு ரொம்ப நேரம் தேடினேன், பிடிபடல, அப்புறம் அதை விட்டுட்டு கோடு போற வழியை மட்டும் பின்தொடர ஆரம்பிச்சேன். சின்ன வயசுல கரன்ட் போன ராத்திரி சிம்னி விளக்கு வெளிச்சத்துல சுவத்துல ஆடுமே நிழல், அதே திகில்.

*

தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சேன், நான் சிவகாசில முப்பது வருஷம் ஆஃப்செட் அச்சு மெஷின் ஓட்டினவன். எங்க தொழிலுக்கும் லித்தோதான் தாய், எண்ணெய்ப் பசை இருக்கற இடம் மை பிடிக்கும், ஈரம் இருக்கற இடம் தள்ளும், அவ்வளவுதான் சூத்திரம். சென்னைல மக கூட்டிட்டுப் போன ஒரு கண்காட்சில லித்தோ ஒண்ணு இருந்துச்சு, பாக்கெட்ல எப்பவும் இருக்கற லென்ஸை எடுத்துப் பார்த்தேன். நாங்க போடற காலண்டர்ல புள்ளியெல்லாம் வரிசை கட்டி நிக்கும், அதுல அப்படி இல்ல, கிரேயான் உரசின பொடி அப்படியே சிதறிக் கிடந்துச்சு, கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

நீங்க பார்த்த சீரிஸ்ல இன்னொரு விஷயம் இருக்கு. கல்லுல நேரா வரைஞ்சா அச்சுல இடம் வலமா திரும்பிடும். மிரோ இதை டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல வரைஞ்சார், அதுல வரைஞ்சதை கல்லு மேல பதிச்சு அப்புறம் அச்செடுப்பாங்க, அதனால ரெண்டு தடவை திரும்பி நேராயிடும். அதனால நீங்க பின்தொடர்ந்தது அவர் கை போன அதே திசைதான்.

*

அண்ணாச்சி, இதைப் படிச்சதும் ஃபோன்ல எடுத்த படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். ஒரு உருவத்தோட முதுகுக் கோடு கீழ கட்டியான கறுப்பா ஆரம்பிச்சு, மேல போகப் போக பொடியா உதிர்ந்து, தோள்கிட்ட திரும்பவும் அழுந்துது. அந்த இடத்துல கையை ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்கார்னு தோணுது.