ஸ்டேட்லெஸ் வழங்கி: ‘நிலையற்ற’ வேண்டாம், ‘நிலைபேணா’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

வேறொரு கணினியிலுள்ள கோப்புகளை வலையமைப்பு வழியே பயன்படுத்த உதவும் நெறிமுறை என்எஃப்எஸ். அதற்கான சொற்பட்டியலில் ஸ்டேட்லெஸ் சர்வருக்கு ‘நிலையற்ற வழங்கி’ என்று போட்டிருக்கிறீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. நிலையற்றது என்றால் எப்போது கவிழுமோ என்ற பொருள்தான் வாசகர் மனத்தில் எழும். இந்த வடிவமைப்பின் பெருமையோ, விழுந்தாலும் எழுந்து வேலையைத் தொடர்வது.

1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோது, யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார், எதுவரை படித்தார் என்பதையெல்லாம் வழங்கி வைத்துக்கொள்ளாதபடி வகுத்தார்கள். எந்தக் கோப்பு, எந்த பைட்டிலிருந்து, எத்தனை பைட் என்று படிப்பதற்கு வேண்டியதை ஒவ்வொரு கோரிக்கையும் தானே சுமந்து வரும். வழங்கி நின்று மறுபடி கிளம்பினால், பதில் வராத கோரிக்கையைப் பயனரின் கணினி திரும்ப அனுப்பும். அவ்வளவுதான்.

‘நிலையற்ற’ என்ற சொல்லுக்கு இதே நெறிமுறையில் வேறு இடம் இருக்கிறது. இரண்டாம் பதிப்பில், தரவு வட்டில் பதிந்த பிறகே வழங்கி பதில் சொல்ல வேண்டும்; அதனால் எழுதுவது மிக மெதுவானது. 1995-இல் வந்த மூன்றாம் பதிப்பு, தரவை நினைவகத்தில் வாங்கிக்கொண்டே பதில் சொல்ல இடம்கொடுத்தது. அதற்குப் பெயர் அன்ஸ்டேபிள் ரைட். தரவை வட்டில் பதியச் சொல்லும் ‘கமிட்’ கோரிக்கை முடியும்வரை பயனர் கணினி தன் பிரதியை விடாது. எழுதும்போது வழங்கி அனுப்பிய சரிபார்ப்பு எண் கமிட்டின்போது மாறியிருந்தால், வழங்கி இடையில் மறுதொடக்கம் ஆகியிருக்கலாம். தரவை மீண்டும் அனுப்ப வேண்டும். மின்சாரம் போனால் போய்விடக்கூடிய அந்தத் தரவுதான் உண்மையில் நிலையற்றது. அதை ‘நிலையற்ற எழுதல்’ என்போம்.

‘நினைவற்ற வழங்கி’ என்ற யோசனையும் பொருந்தாது. படித்த கோப்புகளை இந்த வழங்கியும் நினைவகத்தில் வைத்திருந்து வேகமாகத் தருகிறது. இங்கே பெங்களூரில், ஒயிட்ஃபீல்டு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது, “சர்வர் யார் கணக்கையும் வச்சுக்காது” என்றுதான் எங்கள் வாயில் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம், ஆனால் ‘கணக்கு’ பயனர் கணக்கோடு மோதும்.

ஆகவே ‘நிலைபேணா வழங்கி’. 2000-இல் வரையறுத்த நான்காம் பதிப்பு, திறப்பையும் பூட்டையும் குறித்துவைத்துக்கொள்கிறது. அது ‘நிலைபேணும் வழங்கி’. மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் மாற்றிவிடலாமா? அப்புறம், இந்த நான்காம் பதிப்பில் பூட்டைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தரும் ஏற்பாடான லீஸுக்குக் ‘குத்தகை’யே போதும். காலத்தில் புதுப்பிக்காவிட்டால் பூட்டு கைவிட்டுப் போகலாம் என்பது அதிலேயே விளங்குகிறது.