பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதிய மாயக்கதையை நாற்பதில் படிக்கலாமா?

ராத்திரி வாசகி
எனக்கு 43 வயது. போன மாதம் உறவுக்காரர் ஒருவர் வந்திருந்தபோது என் கையில் உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசை முதல் நாவல் இருந்தது. 1968இல் வந்தது. அட்டையைப் பார்த்துவிட்டு, "பொண்ணு படிக்கிறதை நீ ஏம்மா படிக்கிறே?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: கெட் என்ற ஆடு மேய்க்கும் பையனுக்கு மந்திர சக்தி இருக்கிறது. ரோக் தீவில் மந்திரப் பள்ளியில் சேர்ந்து, சக மாணவனிடம் வீம்புக்குச் செத்தவளின் ஆவியை எழுப்புகிறான். அந்தப் பிளவு வழியாக ஒரு நிழல் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்தப் பிளவை மூடப் போன தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். அப்புறம் கதை முழுக்க அந்த நிழல் அவனைத் துரத்துகிறது.

இருபது வயதில் இதை ஒரு துரத்தல் கதையாகத்தான் படித்தேன். இப்போது என்னை நிறுத்தியது ஓகியன். கெட்டின் முதல் குரு அவர். இந்தப் பையன் அவசரக்காரன் என்று தெரிந்தும், "என்னோடு இருக்கிறாயா, ரோக் போகிறாயா, நீயே சொல்" என்று விட்டுவிடுகிறார். மந்திரத்தால் மழையை விரட்டக்கூடியவர், அதை அதன் போக்கில் பெய்ய விடுகிறவர், பையனையும் தடுக்கவில்லை. வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால் அந்தப் பக்கத்தைச் சுலபமாகத் தாண்ட முடியாது.

பழுப்பேடு
வாசகி, நீங்கள் படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இது எல்லா வயதுக்குமான இலக்கியம் என்று யாராவது சொன்னால்தான் மறுப்பேன். மிடில் கிரேடு என்று பதிப்பாளர்கள் பிரித்து வைத்திருப்பது எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும். அங்கே பெரும்பாலும் அப்பா அம்மா இல்லாத பிள்ளை, அதன் தலையில் உலகத்தைக் காக்கும் பொறுப்பு, முடிவில் தீமைக்குத் தோல்வி. கடன், சலித்துப்போன திருமணம், சாதி கேட்டுவிட்டு வாடகைக்கு வீடு தராதவர், படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்குத் துணி மாற்றுவது, இதெல்லாம் அந்தக் கதைகளுக்குள் நுழைவதில்லை. நமக்குப் படிக்கக் கிடைக்கும் நேரமே கொஞ்சம்.

1998இல் பிரிட்டனில் ஹாரி பாட்டருக்குப் பெரியவர்களுக்கென்று தனி அட்டை போட்டார்கள். உள்ளே அதே கதைதான். படித்தவர்களுக்கே ஒரு கூச்சம் இருந்திருக்கிறது. அது ஏன் வந்தது?

மூன்றாம் மாடி
அந்தக் கூச்சம் பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைப்பாரோ என்பதால் வந்தது சார். கதையில் குறை இருப்பதாக அதற்கு அர்த்தம் இல்லை.

நான் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பத்து வயதுப் பிள்ளை மூன்றாவது பக்கத்தில் பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடும். நாமோ பெரிய எழுத்தாளர் என்ற மரியாதைக்காக அறுபது பக்கம் பொறுத்துக்கொள்வோம். பிள்ளைக்கு எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. சாவைச் சொல்ல வேண்டுமானால் பிள்ளைக்குப் புரியும் வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். பூடகமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

தீமை தோற்பதோடு எல்லாம் சரியாகிவிடுகிறதா? பிலிப் புல்மனின் மூன்றாவது நாவலில் லைராவும் வில்லும் வெவ்வேறு உலகத்துப் பிள்ளைகள். அடுத்தவர் உலகத்தில் நீண்ட நாள் உயிரோடு இருக்க முடியாது என்பதால் நிரந்தரமாகப் பிரிகிறார்கள். வென்ற பிறகுதான் இந்த இழப்பு. அந்தப் புத்தகம் பெரியவர்களுக்கான நாவலோடும் கவிதையோடும் போட்டியிட்டு பிரிட்டனின் 2001க்கான விட்பிரெட் ஆண்டின் சிறந்த நூல் விருதை வாங்கியது. சிறுவர் நூல் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

ஆத்தங்கரை
எங்கள் வீட்டில் அம்புலிமாமா வந்தால் தாத்தாதான் முதலில் பிரிப்பார். வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, "நீ சொல்லு, தப்பு யார் மேலே?" என்பார். நான் ஒன்று சொல்வேன், பாட்டி அடுப்படியிலிருந்து வேறொன்று சொல்வார். அந்த வேதாளக் கதைகள் பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து அரசி ஒருத்திக்காக சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலும் இருக்கின்றன. வயதுவாரியாகப் பிரித்தது பிற்பாடு வந்தவர்கள்தானே?

பழுப்பேடு
நீங்கள் என் கட்சிக்கே வலு சேர்க்கிறீர்கள். அது வளர்ந்த அரசிக்குச் சொன்ன கதை. அதில் இருக்கும் காமத்தைச் சிறுவர் பத்திரிகை வடிகட்டித்தான் கொடுக்க முடியும். நான் பேசுவது அந்த வடிகட்டலைப் பற்றித்தான்.

இதற்கு லெ குவினே சாட்சி. மூன்றாவது புத்தகம் 1972. பதினெட்டு வருடம் கழித்து 1990இல் 'தெஹானு' வருகிறது. அதில் கெட் சக்தியெல்லாம் இழந்து திரும்புகிறான். நடு வயது விதவை ஒருத்தி, தீயில் கருகிய பெண் குழந்தையை வளர்க்கிறாள். ஆண்களைக் கண்டு வரும் பயம், வீட்டு வேலை, வயதான இருவர் சேர்ந்து படுப்பது எல்லாம் அதில் உண்டு. முதல் மூன்றில் இதற்கு இடமிருந்திருந்தால் நான்காவது எதற்கு?

மூன்றாம் மாடி
அந்த விதவை டெனார். இரண்டாவது புத்தகத்தில் சிறுமியாக இருக்கும்போதே பெயரைப் பிடுங்கி, இருட்டுக் கல்லறைகளுக்குப் பூசாரியாக்கப்பட்டவள். அங்கிருந்து தப்பியதும் அவள் சந்தோஷப்படுவதில்லை, அழுகிறாள். விடுதலை அவளுக்குப் பாரமாக இருக்கிறது. அந்த அழுகையைப் படித்தவருக்குத்தான் நான்காவதில் அவள் பாத்திரம் கழுவும்போது நெஞ்சு அடைக்கும். 'தெஹானு' வந்ததால் முந்தையவை சின்னதாகிவிடவில்லை.

பழுப்பேடு
நேற்று ராத்திரி முதல் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். நிழலின் முடிவை ஒப்புக்கொள்கிறேன். கடைசித் தீவையும் தாண்டிய கடலில் கெட்டும் நிழலும் ஒரே கணத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள், கெட்டின் பெயரை. நான் படித்த பெரிய நாவல்களில்கூட இதை இவ்வளவு குறைந்த சொற்களில் பார்த்ததில்லை.

ஆனால் ஆரம்பத்திலேயே அந்த ஊர்ப் பழமொழி வருகிறது: பெண்ணின் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்று. ரோக் பள்ளியில் ஒரு மாணவிகூட இல்லை. பெரியவர் அதை உரசிப் பார்ப்பார். பத்து வயதுப் பெண் அப்படியே விழுங்கிவிட மாட்டாளா? வாசகி, உங்கள் மகளும் இதைப் படித்தாள் போலிருக்கிறதே, அவளிடம் கேட்டீர்களா?

ராத்திரி வாசகி
நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்டாள். பத்து வயது முடிந்து இரண்டு மாதம். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். "அம்மா, அந்த ஸ்கூல்ல ஏன் பொண்ணுங்களே இல்லை? கெட்டுக்கு முதல் மந்திரம் சொல்லிக் கொடுத்ததே அவன் பெரியம்மாதானே?"

இருபது வயதில் அதே பழமொழியை நானும் படித்தேன். என் கண்ணில் படவே இல்லை. லெ குவின் 'தெஹானு'வில் கேட்டதைத்தான் இவள் அடுப்படியில் நின்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் அன்று ராத்திரி நான் முதல் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். உறவுக்காரர் பார்த்தது அதைத்தான்.