ஒரு நிமிடத்தில் தாகம் அடங்கிவிட்டதே, உடம்புக்கு எப்படித் தெரிந்தது?

ஜெலுத்தோங் மணி:
தைப்பூசத்தன்று தம்பி காவடி எடுத்தான். நான் கூடவே பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் வரை நடந்து, படியேறி இறங்கினேன். வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல்தான், ஆனால் அவனைக் கவனித்துக்கொண்டே போனதில் எனக்குக் குடிக்கத் தோன்றவே இல்லை. கீழே வந்ததும் ஐஸ் போட்ட சிராப் தண்ணீர் மூன்று கிளாஸ் மடமடவென்று குடித்தேன், ஒரு நிமிடத்தில் தாகம் போய்விட்டது. மாமா விடவில்லை. "உடம்பு காஞ்சு கிடக்கு, இன்னும் ரெண்டு லிட்டராவது குடிடா" என்று பாட்டிலை நீட்டிக்கொண்டே இருந்தார். அவர் பேச்சைத் தட்ட முடியாமல் வாயில் ஊற்றினால் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. அப்புறம் வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் திரும்பவும் நாக்கு வறண்டது. குடித்தது ரத்தத்தில் சேரும் முன்பே போதும் என்று உடம்பு எப்படி முடிவு செய்கிறது? மாமா சொன்னபடி கட்டாயப்படுத்திக் குடித்திருக்க வேண்டுமா?

வெள்ளைச் சாக்பீஸ்:
நான் நர்சிங் மாணவர்களுக்கு உடலியல் எடுக்கிறேன், இந்தப் பாடம் வந்தால் எனக்கே உற்சாகம் தாங்காது. குடித்த தண்ணீர் ரத்தத்தின் உப்புச் செறிவை நன்றாக மாற்றுவதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். மூளை அதுவரை காத்திருந்தால் நாம் குடம் குடமாகக் குடித்துத் தள்ளிவிடுவோம், அதனால் அது முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. முதல் தகவல் தொண்டையிலிருந்து போகிறது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் யூகி ஓக்காவின் ஆய்வுக் குழு 2018இல் எலிகளில் பார்த்தது இது: தண்ணீரை மடக் மடக்கென்று விழுங்கும்போது தாகத்தை அடக்கும் நரம்பணுக்கள் விழித்துக்கொள்கின்றன, அதே தண்ணீரை ஜெல்லியாக்கிக் கொடுத்தால் அவை பெரிதாக அசையவில்லை. இரண்டாவது தகவல் குடலிலிருந்து. எலிக்கு உப்புத் தண்ணீர் கொடுத்தால் தொண்டை முதலில் சரி என்கிறது, கொஞ்ச நேரத்தில் குடல் உள்ளே வந்தது உப்பு என்று தெரிவித்துத் தாகத்தைத் திரும்ப எழுப்பிவிடுகிறது. ரத்தம் கடைசியாகத்தான் பேசும்.

உங்கள் விஷயத்தில் ஐஸுக்கும் பங்கு உண்டு. வாய் குளிர்ந்தாலே தாக நரம்பணுக்கள் தணியும், தாகமுள்ள எலி குளிர்ந்த உலோகத்தை நக்கினால்கூட. அதனால் சில்லென்று குடித்தது தேவைக்கு முன்னாலேயே உங்களை நிறுத்தியிருக்கலாம்.

பாலத்து ஓட்டக்காரன்:
மணி அண்ணே, தொண்டை இறங்க மாட்டேன் என்றது நல்லதற்குத்தான். 2016இல் ஆஸ்திரேலியாவில் சிலரை அளவுக்கு மீறிக் குடிக்க வைத்துப் பார்த்தார்கள், தாகத்தோடு குடித்தபோது இருந்ததைவிட விழுங்குவதற்கு மூன்று மடங்கு பாடுபட வேண்டியிருந்தது என்று அவர்களே சொன்னார்கள். அந்தத் தடையை மீறுவது ஆபத்து. சிறுநீரகம் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வெளியேற்றும், அதற்கு மேல் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, ஓடும்போது அதிகமாகக் குடித்து எடை கூடியவர்களுக்கே அது பெரும்பாலும் வந்தது. மாமா அன்பில்தான் சொன்னார், இருந்தாலும் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
தம்பி, வியர்வையில் உப்பும் போகிறது, அதை மறந்துவிடாதீர்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் ரத்தம் சீக்கிரம் நீர்த்துத் தாகம் நின்றுவிடும், ஆனால் இழந்ததெல்லாம் திரும்பியிருக்காது, குடித்ததில் பாதி சிறுநீராகப் போய்விடும். உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ ரசமோ கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் விட்டு விட்டுக் குடித்தால் உடம்பில் நிற்கும். எங்கள் அம்மாவுக்கு 74 வயது, அவருக்கு இந்தத் தாகத்தை நம்ப முடியாது, வயதானால் அந்த உணர்வே மங்கிவிடும். கேட்டால் "எனக்குத் தாகமே இல்லையே" என்பார், உதடு வெடித்திருக்கும். அவருக்கு மட்டும் நான் நேரம் பார்த்துக் கொடுக்கிறேன்.

உங்கள் தம்பி விரதமும் இருந்திருப்பாரே, அவர் அன்று சிறுநீர் சரியாகப் போனாரா?

ஜெலுத்தோங் மணி:
இப்போதுதான் அவனுக்குப் போன் போட்டேன் அக்கா. ராத்திரி பத்து மணிக்குத்தான் போயிருக்கிறான், அதுவும் தேயிலைத் தண்ணீர் நிறத்தில். மறுநாள் மதியத்துக்கு மேல்தான் நிறம் தெளிந்ததாம். அடுத்த வருஷம் ஒரு பெரிய பாட்டிலில் மோர் கரைத்து நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.