நிர்வானாவை ஹொட் 100 கணக்கில் அளக்கலாமா?

கல்லடிப்பாலம்:

நாங்கள் சில பேர் மாதத்துக்கு ஒருக்கா கூடிப் பாட்டுக் கேட்போம். அடுத்த முறை பேச வேண்டியவன் நான். அமெரிக்க றொக் குழுவான நிர்வானாவை எடுத்திருக்கிறேன். ஒரு மணித்தியாலம்தான் நேரம், அதனால் பாட்டுகளை, பில்போர்ட் சஞ்சிகை வாராவாரம் போடும் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலான ஹொட் 100இல் வந்த வரிசைப்படி போடலாம் என்று யோசித்தேன். அதற்காகக் கணக்கெடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஸ்டூடியோ அல்பம் மூன்றே மூன்று: 1989இல் பிளீச், 1991இல் நெவர்மைண்ட், 1993இல் இன் யூட்டேரோ. குழு இயங்கிய காலத்தில் ஹொட் 100இல் முதல் பத்துக்குள் வந்த பாட்டு ஒன்றுதான், ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட், 6ஆம் இடம். கம் அஸ் யூ ஆர் 32. லித்தியம் 64. இன் யூட்டேரோவில் இருந்து ஒரு பாட்டுக்கூட ஏறவில்லை.

அதாவது நெவர்மைண்டுக்குப் பிறகு இறக்கம்தான். ஒரு பாட்டால் வந்த பெயரை ஒரு தலைமுறையின் பெயராகத் தூக்கிப் பிடிக்கிறோம் என்பது என் கருத்து. இன்னொரு அமெரிக்க றொக் குழுவான ஆர்.ஈ.எம். 15 ஸ்டூடியோ அல்பம் போட்டவர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் இவர்களை எப்படி வைப்பது? மறுப்பு இருந்தால் எழுதுங்கள், ஆனால் இலக்கத்தோடு எழுதுங்கள்.

ஆரையம்பதி அக்கா:

தம்பி, நீங்கள் தந்த இலக்கம் எல்லாம் சரி. அதை வைத்து வந்து சேர்ந்த இடம்தான் பிழை.

அந்த நாளில் ஹொட் 100க்கு ஒரு சட்டம் இருந்தது. கடையில் தனி சிங்கிளாக விற்பனைக்கு வராத பாட்டு, வானொலியில் நாள் முழுக்கப் போனாலும், பட்டியலுக்குள் வர முடியாது. 1998 டிசம்பரில்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். பாட்டு வேண்டுமென்றால் முழு அல்பத்தையும் வாங்கட்டும் என்று கம்பனிகள் பல நல்ல பாட்டுகளை சிங்கிளாக விடாமலே வைத்திருந்த காலம் அது. ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ் அமெரிக்கக் கடைகளுக்கு சிங்கிளாக வரவே இல்லை. ஓட்டத்துக்கே விடாத மாட்டைத் தோற்ற மாடு என்று எப்படிச் சொல்வீர்கள்?

அதே பாட்டு பிரித்தானியாவில் சிங்கிளாக வந்தது. அங்கே 5ஆம் இடம். உங்களுடைய டீன் ஸ்பிரிட் அங்கே 7தான். இறக்கம் எங்கே இருக்கிறது?

கல்லடிப்பாலம்:

அக்கா, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே. சிங்கிள் விடாதது அவர்கள் பக்கத்து முடிவு. எழுதாத சோதனைக்குப் புள்ளி கேட்க முடியாது. பிரித்தானியக் கணக்கை எடுத்தால் முழுதாக எடுங்கள்: அங்கே ஆல் அப்பாலஜீஸ் 32ஆம் இடம், இன் புளூம் 28.

சரி, சிங்கிளை விடுவோம், அல்பத்துக்கே வருகிறேன். 1993 செப்டம்பரில் வந்த இன் யூட்டேரோ முதல் வாரத்தில் சுமார் 180,000 பிரதி விற்று முதலிடம். அடுத்த மாதம் பேர்ல் ஜாம் குழுவின் வேர்சஸ் அல்பம் வந்தது. முதல் வாரத்திலேயே 950,000 பிரதிக்கு மேல், அந்த நேரத்தில் அது சாதனை. ஐந்து மடங்கு. ஒரே ஊர், ஒரே காலம், ஒரே வகை இசை. சனம் யாரை வாங்கியது என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

வாகரைக் காத்து:

கல்லடி மச்சான், பேர்ல் ஜாமை நீ இழுத்ததால் நானும் வருகிறேன். எனக்கு அவர்கள்தான் உயிர். அதனாலேயே சொல்கிறேன், ஹொட் 100ஐ நம்பாதே.

அந்தப் பட்டியலின்படி பேர்ல் ஜாமின் மிகப் பெரிய பாட்டு எது? லாஸ்ட் கிஸ், 1999இல் 2ஆம் இடம். அது அவர்கள் எழுதிய பாட்டே இல்லை, அறுபதுகளின் பழைய பாட்டு. கச்சேரிக்கு முன் ஒலி சரிபார்க்கும் நேரத்தில் பதிந்து ரசிகர் மன்றத்துக்கு அனுப்பியது, பிறகுதான் கடைக்கு வந்தது. பிளாக் என்ற பாட்டைக் கம்பனி சிங்கிளாக விடச் சொல்லிக் கேட்டும் குழு மறுத்துவிட்டது. நீ சொல்லும் ஒழுங்கில் பேர்ல் ஜாமுக்கு ஒரு கூட்டம் வைத்தால் லாஸ்ட் கிஸ் முதலில் போகும், பிளாக் வராது. பேர்ல் ஜாமைத் தெரிந்த ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்து எழும்பிப் போய்விடுவான்.

பொத்துவில் காக்கா:

இரண்டு பக்கமும் சிங்கிள் சிங்கிள் என்று நிற்கிறீர்கள். நிர்வானாவின் கதை அல்பம் பட்டியலில்தான் இருக்கிறது.

பிளீச் பதிய ஆன செலவு 606 டொலர் 17 சதம். அட்டையிலேயே 600 டொலர் என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் காசைக் கட்டியவர் ஜேசன் எவர்மன், அட்டையில் கிட்டார் என்று பேர் இருக்கிறது, ஆனால் அந்த அல்பத்தில் அவர் வாசிக்கவில்லை. வந்த வருடம் பட்டியலில் அதைக் காணவே இல்லை. நெவர்மைண்ட் 1991 செப்டம்பர் 24இல் வந்தபோது அமெரிக்காவில் கடைகளுக்குப் போனது 46,251 பிரதி. முதலில் ஏறிய இடம் 144. 1992 ஜனவரி 11இல் மைக்கேல் ஜாக்சனின் டேஞ்சரஸைத் தள்ளிவிட்டு முதலிடம். பிறகுதான் சனம் திரும்பிப்போய் பிளீச்சை வாங்கியது, 89ஆம் இடம்.

இதில் ஒரு விசயத்தை நன்றாகப் பாருங்கள். 1991 மே மாதம் வரைக்கும் பில்போர்ட் கடைகளிடம் கேட்டுத்தான் அல்பம் பட்டியல் போட்டது. கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. மே 25இல் இருந்துதான் காசு வாங்கும் இடத்தில் பட்டைக்கோட்டை வாசித்து எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறை. நான்கு மாதம் கழித்து நெவர்மைண்ட். பழைய முறையே இருந்திருந்தால் இந்த மாதிரிக் குழுவின் விற்பனை அவ்வளவு சுத்தமாகப் பட்டியலில் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம். கல்லடித் தம்பி பட்டியலை மழைமானி மாதிரி நினைக்கிறார். மானியையே மாற்றிய வருடம் தம்பி அது.

அப்புறம், மூன்று அல்பம் என்று முடித்துவிட்டீர்களே, மேடைக் கச்சேரியைப் பதிந்து விட்ட அன்பிளக்ட் அல்பம் எங்கே? 2002இல் கருப்பு அட்டையோடு ஒரு தொகுப்பு வந்தது, அமெரிக்காவில் 3ஆம் இடம். நான் நிர்வானாவுக்குள் போனதே அதனால்தான். சமாதான நேரம், அறுகம்பேக்கு அலைச்சறுக்க வந்த ஒரு அவுஸ்திரேலியப் பையன் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கினான். போகும்போது அந்த இறுவட்டைத் தந்துவிட்டுப் போனான். 14 பாட்டு. முதல் பாட்டு யூ நோ யூ ஆர் ரைட், அதுவரை வெளியில் விடாதது. சுனாமியில் வீட்டோடு அதுவும் போனது. பிறகு கொழும்பில் இன்னொன்று வாங்கினேன். தொகுப்பு அல்பம் கணக்கில் இல்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

கல்லடிப்பாலம்:

காக்கா, சவுண்ட்ஸ்கேன் விசயம் எனக்குப் புதிது. அது கனமான விசயம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அன்பிளக்டை ஏற்க மாட்டேன். குழுவின் பாடகர் கேர்ட் கொபேன் இறந்தது 1994 ஏப்ரலில். அந்த அல்பம் வந்தது நவம்பரில். நேரே முதலிடம். அது துக்கத்தில் வாங்கியது. 14 பாட்டில் 6 பிறருடைய பாட்டு வேறு.

ஆரையம்பதி அக்கா:

வாங்கியவர்கள் துக்கத்தில் வாங்கியிருக்கலாம். பாடியவர் 1993 நவம்பர் 18இல் நியூயோர்க்கில் உயிரோடு இருந்து பாடினார். அந்த ஆறு பாட்டில் மூன்று மீட் பப்பெட்ஸ் என்ற குழுவின் பாட்டு, அந்தக் குழுவின் அண்ணன் தம்பியையே மேடைக்கு ஏற்றி வாசிக்க வைத்தார். தன் கூட்டம் எல்லாம் தன்னைப் பார்க்கிற நேரத்தில் அடுத்தவன் பாட்டை முன்னுக்கு வைத்ததைக் குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. வானொலியை மட்டும் வைத்துப் போடும் மொடர்ன் றொக் பட்டியலில் இவர்களுக்கு ஐந்து முதலிடம்: டீன் ஸ்பிரிட், ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ், ஆல் அப்பாலஜீஸ், அபவுட் எ கேர்ள், யூ நோ யூ ஆர் ரைட். ஒரு பாட்டுக் குழுவுக்கு இது எப்படி வரும்?

நான் கேட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் நாங்கள் படுவான்கரையில் அம்மம்மா வீட்டில் இருந்தோம். கரண்ட் இல்லை. சவூதியில் இருந்து வந்த மாமா கொண்டுவந்த பெட்டிக்குள் நெவர்மைண்ட் கசெட் கிடந்தது, அவருக்கே அது என்ன என்று தெரியாது. பழைய கார் பற்றரியில் வயரைக் கொழுவித்தான் கேட்போம். முதல் பக்கம் நன்றாகப் போகும். இரண்டாம் பக்கம் முடியப் போகும்போது பற்றரி இறங்கிவிடும். கடைசிப் பாட்டு சம்திங் இன் த வே. ஒவ்வொரு முறையும் அந்தப் பாட்டில் குரல் இழுபட்டுத் தடித்து, ஒரு கிழவர் பாயில் படுத்துக்கொண்டு முனகுவது போலக் கேட்கும். அதுதான் பாட்டு என்று நினைத்தேன். பட்டணத்துக்கு வந்து, சரியான வேகத்தில் கேட்டபோது யாரோ இளம் பெடியன் பாடுகிறான்! அழுதுவிட்டேன்.

அந்தப் பாட்டு 2022இல், ஒரு பேட்மேன் படத்தில் வந்த பிறகு, முதல் தடவையாக ஹொட் 100க்குள் வந்தது. அதுவரை முப்பது வருடம் உங்கள் வரிசையில் அதற்கு இடமே இல்லை தம்பி.

வாகரைக் காத்து:

அக்கா, அந்த மெதுவான வேகத்தில் ஒருக்கா கேட்க வேண்டும் போல இருக்கிறது.

கல்லடிப்பாலம்:

சரி. ஹொட் 100 வரிசையை விடுகிறேன். வெளிவந்த ஒழுங்கில் போடுவேன், பிளீச்சில் இரண்டு, நெவர்மைண்டில் நான்கு, இன் யூட்டேரோவில் நான்கு. பேச்சில் அந்தச் சிங்கிள் சட்டத்தையும் 1991 மே மாதத்தையும் சொல்லுவேன். ஆர்.ஈ.எம். பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை, அதற்கு வேறொரு நாள் சண்டை பிடிப்போம். வேர்சஸ் விற்பனைக்கு இன்னும் ஒருவரும் பதில் தரவில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன்.

காக்காவுக்காக அன்பிளக்டில் ஒன்று சேர்க்கிறேன், ஆனால் அவர்களுடைய சொந்தப் பாட்டு. அக்கா, அந்தக் கசெட் இன்னும் இருக்கிறதா?

ஆரையம்பதி அக்கா:

இருக்கிறது. அட்டையில் குழந்தையின் முகம் உரிந்துவிட்டது. நாடாவும் இரண்டாம் பக்கத்தில் ஒரு இடம் கசங்கியிருக்கிறது, பென்சில் போட்டுச் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். போட்டுக் கேட்கத்தான் பிளேயர் இல்லை.

பொத்துவில் காக்கா:

என்னிடம் இருக்கிறது. போன வருடம்தான் உள்ளே ரப்பர் பெல்ட் மாற்றினேன். திகதியைச் சொல்லுங்கள், காலை பஸ்ஸில் கொண்டுவருகிறேன். பற்றரியில் ஓடாது, கரண்டில்தான்.